சிறையில் இருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்காக வெளியே எழுத வேண்டிய நாட்கணக்கு

தேர்தல் நெருங்கும்போது எதிர்க்கட்சிக்காரர்கள் கைதாவது பல நாடுகளில் வாடிக்கையாகிவிட்டது. கைது செய்தியில் வருகிறது. பிறகு உள்ளே நடப்பது பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் அதில் பெரும்பகுதி சிறை விதிப்புத்தகத்தைக் காட்டியே நடக்கிறது. தடியடிக்குத் தழும்பு உண்டு. தண்டனைக் கொட்டடிக்கும் (விதி மீறியதாகச் சொல்லித் தனியே அடைக்கும் அறை), திருப்பி அனுப்பப்பட்ட மருந்துப் பொட்டலத்துக்கும், ரத்தான குடும்பச் சந்திப்புக்கும் வெளியே இருப்பவர்கள் எழுதி வைக்கும் தேதிதான் சாட்சி.

ரஷ்யாவில் எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியை 2022 ஆகஸ்டில் முதன்முறை தண்டனைக் கொட்டடியில் போட்டதற்குச் சொன்ன காரணம், சட்டையின் மேல் பொத்தானைப் போடவில்லை என்பது. ஒரு தடவைக்கு 15 நாள்தான் உச்சவரம்பு. அதனால் வெளியே விட்டு, புதிய குற்றக்குறிப்பு எழுதி, மறுபடி உள்ளே தள்ளினார்கள். இப்படி 27 தடவை, 300 நாட்களுக்கு மேல். கடைசித் தண்டனை வந்தது 2024 பிப்ரவரி 14. இரண்டு நாளில் அவர் இறந்தார். அதிபர் தேர்தலுக்கு அப்போது ஒரு மாதம்தான் இருந்தது.

2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச நெறிகளான நெல்சன் மண்டேலா விதிகள், நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன. அது 15 நாட்களைத் தாண்டித் தொடர்ந்தால் முழுத் தடை. நிர்வாகங்கள் இந்த எண்ணிக்கையை உடைக்கத்தான் நடுவில் ஒரு நாள் வெளியே விடுகின்றன. எனவே "பல மாதமாகத் தனிமையில் இருக்கிறார்" என்று எழுதுவதால் பயனில்லை. உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, இடைவெளி எத்தனை மணி, அந்த இடைவெளியில் யாரோடாவது பேச முடிந்ததா, காட்டிய காரணம் என்ன, உத்தரவில் கையெழுத்திட்டது யார் என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி வேண்டும். கூட்டுத்தொகையைப் பார்க்கும்போதுதான் தனித்தனித் தண்டனைகள் போலத் தெரிந்தது ஒரே தண்டனை என்று புரியும். அதே விதிகளின் 43ஆம் விதி இருட்டறையையும், விளக்கை அணைக்காமல் வைக்கும் அறையையும், தண்டனையாக உணவையோ குடிநீரையோ குறைப்பதையும், குடும்பத் தொடர்பைத் தடை செய்வதையும் விலக்குகிறது. விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்பதைக் கூடக் கேட்டு எழுதுங்கள்.

நிகரகுவாவில் 2021 நவம்பர் 7 தேர்தலுக்கு முன் போட்டியிட விரும்பிய ஏழு பேர் பிடிபட்டார்கள். எல் சிப்போட்டே சிறையில் பலருக்கு முதல் குடும்பச் சந்திப்பு கிடைக்கவே ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. முன்னாள் கெரில்லாத் தளபதி டோரா மரியா டெயேஸ் 600 நாட்களுக்கு மேல் தனிமையில் வைக்கப்பட்டார். அவரோடு ஒரே நாளில் கைதான ஊகோ டோரஸ் 2022 பிப்ரவரியில் கைதியாகவே இறந்தார்.

வேட்புமனுவுக்கான கெடுவும் ஒரு ஆயுதம். பெலாரஸில் 2020இல் அதிபர் தேர்தலில் போட்டியிட விரும்பிய செர்கேய் திகானோவ்ஸ்கி காவலில் இருந்ததால் நேரில் கையெழுத்திட முடியவில்லை. தேர்தல் ஆணையம் அவர் பெயரைப் பதிய மறுத்தது. மனைவி ஸ்வியத்லானா தன் பெயரிலேயே விண்ணப்பித்ததால்தான் களத்தில் ஒருவராவது நின்றார். கைதாகக் கூடியவர் யாராயினும், அவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட உரிமை தரும் அதிகாரப் பத்திரமும் மாற்று வேட்பாளரும் கைதுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். நேரில்தான் கையெழுத்திட வேண்டும் என்று ஆணையம் சொல்லிவிடலாம் என்பதால், அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்புவது ஆபத்து.

உடல் காயங்களுக்கு, சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. கையேடான இஸ்தான்புல் நெறிமுறைதான் அளவுகோல். 1999இல் வந்து 2022இல் திருத்தப்பட்டது. வழக்கு உடைவது பெரும்பாலும் இங்கேதான். சிறை மருத்துவர் "நிலைமை சீராக உள்ளது" என்று ஒரு வரி எழுதுவார், நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டுவிடும். வெளி மருத்துவர் ஒவ்வொரு காயத்துக்கும், சொல்லப்பட்ட சம்பவத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை, பொருந்தவில்லை என்பதில் தொடங்கிச் சந்தேகமின்றி அதனால்தான் என்பது வரை ஐந்து படிகளில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். படம் எடுத்தால் அளவுகோலை அருகில் வைத்து, தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. ஆழமான கன்றல் (தோலுக்கடியில் ரத்தக்கட்டு) வெளியே தெரியச் சில நாட்கள் ஆகலாம். ஆகவே முதல் நாள் தோல் சுத்தமாக இருந்தாலும் சில நாள் கழித்து மறுபடி எடுங்கள். கன்றலின் நிறத்தை வைத்து "இத்தனை நாள் பழையது" என்று அடித்துச் சொல்லும் அறிக்கையை எதிர்த்தரப்பு எளிதில் கிழித்துவிடும். தழும்பில்லை என்பது சித்திரவதை நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்று நெறிமுறையே சொல்கிறது. இதை மனுவில் வெளிப்படையாக எழுதுங்கள்.

கைதி உண்ணாவிரதம் தொடங்கினால் முதல் நாளே எடை, உயரம், எடுத்துக்கொள்ளும் நீர், உப்பு, வழக்கமான மருந்துகள் எல்லாம் பதிவாக வேண்டும். தொடக்க எடை தெரியாமல் பிறகு இழப்பைக் கணக்கிட முடியாது. 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் நெருக்கமான மருத்துவக் கண்காணிப்பு தேவை. மனத்தெளிவோடு மறுப்பவருக்கு வற்புறுத்தி உணவு ஏற்றுவதை உண்ணாவிரதிகள் பற்றிய உலக மருத்துவச் சங்கத்தின் மால்டா பிரகடனம் ஒருபோதும் ஏற்பதில்லை. பலரும் கவனிக்காதது உண்ணாவிரதம் முடியும் நேரம். திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நிற்கலாம். தயாமினை (வைட்டமின் பி1) முதலில் கொடுத்து, உணவைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

மருந்தைக் கொண்டுபோகும்போது மருந்துச் சீட்டின் நகலும் பட்டியலும் சேர்த்து, பெற்றுக்கொண்டதாகவோ மறுத்ததாகவோ எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம்: இந்த நாள், இந்த நேரம், இந்த மருந்து, இந்த வாயிலில் மறுக்கப்பட்டது. இடமாற்றம் நடந்தால் உடனே குடும்பத்துக்குச் சொல்லக் கைதிக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது மண்டேலா விதிகளின் 68ஆம் விதி. 2023 டிசம்பரில் நவால்னி இருக்கும் இடம் தெரியாமல் வழக்கறிஞர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் தேடினார்கள். கண்டுபிடித்தது ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, கார்ப் என்ற ஊரில். ஆளைக் காணோம் என்றால் ஆட்கொணர்வு மனுவை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

இந்தப் பதிவுகளின் பிரதிகள் ஒரே வழக்கறிஞரிடம் இருக்கக் கூடாது. நவால்னியின் வழக்கறிஞர்கள் மூவர் 2023 அக்டோபரில் கைதானார்கள், 2025 ஜனவரியில் தண்டனையும் பெற்றார்கள்.

நாட்டுக்கு வெளியே புகார் அனுப்புவதற்கு, முறைகேடாக அடைத்து வைத்ததை ஆராயும் ஐ.நா.வின் தன்னிச்சைக் காவல் பணிக்குழு இருக்கிறது. உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் முடித்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை, அவசர முறையீட்டுக்கும் வழி உண்டு. முழுப்பெயர், பிறந்த தேதி, பிடித்த நாளும் இடமும், பிடித்தவர்கள் யார், வாரண்ட் காட்டினார்களா, சொன்ன சட்டப்பிரிவு, கடைசியாகப் பார்த்த இடம், உடல்நிலை, உள்நாட்டில் எடுத்த நடவடிக்கைகள் ஆகியவற்றைச் சுருக்கமாக, கைதியின் அல்லது குடும்பத்தின் சம்மதத்தோடு அனுப்புங்கள். மிகைப்படுத்திய ஒரே ஒரு எண் போதும், சரியான நாற்பது வரிகளையும் அது சந்தேகத்துக்குள் இழுத்துவிடும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே குறித்து, சொன்னவர் எப்போது சொன்னார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.