ஒரே செயலி, மூன்று சாவிகள்

சொந்தப் போனில் ஓட்டிப் பார்க்கும்போது கூகுள் லாகின் ஒழுங்காக வேலை செய்யும். அதே செயலியை ப்ளே ஸ்டோரில் ஏற்றி, அங்கிருந்து இறக்கினால் பிழை எண் 10 வந்து நிற்கும். நிரலைக் குடைவதற்கு முன், செயலியில் கையொப்பமிட்ட சாவியின் சான்றிதழைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் 'ரன்' அழுத்தினால், சோதனைக்கான டீபக் சாவி கையொப்பமிடுகிறது. அதன் பாஸ்வேர்டு எல்லாக் கணினியிலும் 'android' என்ற அதே இயல்புச் சொல்தான், ஆனால் சாவி கணினிக்குக் கணினி வேறு. நண்பர் பில்டு செய்ததை உங்கள் பில்டின் மேல் நிறுவ முடியாததற்குக் காரணம் இதுவே. செயலியை வெளியிடும் தளமான ப்ளே கன்சோலுக்கு அனுப்பும் பண்டிலில் (செயலித் தொகுப்பில்) கையொப்பமிடுவது உங்கள் அப்லோடு சாவி. பயனரின் போனுக்குப் போகும் ஏபிகேயில் (நிறுவல் கோப்பில்) கூகுள் வைத்திருக்கும் மூன்றாவது சாவி கையொப்பமிடுகிறது. ஆகஸ்ட் 2021 முதல் புதிய செயலிகளுக்கு இது கட்டாயம். கூகுள் லாகின் செயலியை அடையாளம் காண்பது சான்றிதழின் சுருக்க எண்ணான எஸ்ஹெச்ஏ-1 கைரேகையை வைத்து. எனவே கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்திலுள்ள அந்தக் கைரேகையையும், லாகினை அமைத்த ஃபயர்பேஸிலோ கூகுள் கிளவுடிலோ சேர்க்க வேண்டும். மேப்ஸ் வெறுமையாகத் தெரிந்தாலும் இதையே முதலில் சரிபாருங்கள்.

அப்லோடு சாவியை ஜேடிகேயோடு (ஜாவா மேம்பாட்டுத் தொகுப்போடு) வரும் கீடூல் என்ற கருவியில் நாமே உருவாக்கலாம். யாரிடமும் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டாம். சாவி வகை ஆர்எஸ்ஏ, நீளம் 2048 பிட், செல்லுபடி 10000 நாள் என்று கொடுங்கள், ஏறக்குறைய 27 ஆண்டு வரும். சாவி இருக்கும் கோப்பான கீஸ்டோரையும் பாஸ்வேர்டையும், நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் (Git) கமிட் செய்யவே கூடாது.

அப்லோடு சாவி தொலைந்தால் புதிதாக ஒன்று உருவாக்கி, அதன் சான்றிதழை பெம் (.pem) கோப்பாக எடுத்து, கன்சோலில் ரீசெட் கேட்கலாம். ப்ளேக்கு வெளியே ஏபிகேயாக நேரடியாகக் கொடுப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. சான்றிதழ் மாறினால் போன் அப்டேட்டை ஏற்காது; பயனர் பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், போனில் மட்டும் சேமித்திருந்த தரவும் அதோடு போய்விடும். ஆண்ட்ராய்டு 9-இல் வந்த வி3 கையொப்ப முறையில் சாவியை மாற்றலாம்தான், ஆனால் அதற்கும் பழைய சாவி கையில் இருக்க வேண்டும். இரண்டு தனித்தனி இடங்களில் நகல் வையுங்கள்.

கையால் கையொப்பமிடுவோர் வரிசையையும் கவனிக்க வேண்டும்: முதலில் கோப்பின் உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்தும் ஜிப்அலைன், பிறகு கையொப்பமிடும் ஏபிகேசைனர். வி2 முறையிலிருந்து கையொப்பம் முழுக் கோப்பையும் காப்பதால், பின்னால் ஒரு பைட் நகர்ந்தாலும் கையொப்பம் செல்லாது.