சாவி கொடுப்பதா, கையசைவுக்கு விடுவதா?

எந்தக் கைக்கடிகாரம் வாங்குவது: ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கலா, டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் பவர்மேட்டிக் 80-ஆ? இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது.

இரண்டும் ஸ்வாட்ச் குழுமத்துப் பிள்ளைகள். உள்ளே ஓடும் இயந்திரங்களும் அதே குழுமத்தின் கடிகார இயந்திர நிறுவனமான இடிஏ-வின் தயாரிப்புகள்தான். முழுச் சாவியில் இரண்டும் 80 மணி நேரம் ஓடும்; வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் நிற்காது. இதற்காகத்தான் இயந்திரத்தின் துடிப்பை (முள்ளை நகர்த்தும் 'டிக்' எண்ணிக்கையை) மணிக்கு 28,800-இலிருந்து 21,600-ஆகக் குறைத்திருக்கிறார்கள். வினாடி முள்ளை உற்றுப் பார்ப்பவர்களுக்கு (என்னைப் போன்ற வேலையற்றவர்களுக்கு) அது சற்றுத் தெரியும்.

ஆகவே இயந்திரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. டிஸ்ஸோ தானியங்கி (கையசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும்), 100 மீட்டர் நீர் அழுத்தம் தாங்கும், ஹாமில்டனுக்கு 50 தான். இரண்டிலும் எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி. ஆனால் டிஸ்ஸோவின் உலோகப் பட்டை உடலோடு இணைந்த வடிவம். சலித்துவிட்டால் அதற்கென்றே செய்த பட்டையைத்தான் தேட வேண்டும். 38 மி.மீ. ஹாமில்டனுக்கு 20 மி.மீ. அகலத்தில் எந்தப் பட்டையும் பொருந்தும். பளபளப்பே இல்லாத உடல் என்பதால் கீறல் விழுந்தாலும் எடுத்துக்காட்டாது. டிஸ்ஸோவில் கண்ணாடியைச் சுற்றி மின்னும் வளையமோ முதல் கீறலையே ஊருக்குச் சொல்லிவிடும்.

ஹாமில்டனில் தேதி கிடையாது. எனக்கு அது வசதி. நின்றுபோனால் நேரத்தை மட்டும் சரிசெய்தால் போதும். கையால் சாவி கொடுப்பதும் எனக்குத் தொல்லையாகத் தோன்றவில்லை.

மனம் ஹாமில்டன் பக்கமே சாய்கிறது. மெலிந்த மணிக்கட்டில் பிஆர்எக்ஸ் அணிபவர்கள் யாரேனும் இருந்தால், வாங்குவதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.