சாவேஜ் 10எம்எல்-2: புகையில்லா வெடிமருந்தோடு ஒரு மான் சீசன்

ஒஹையோவில் மான் வேட்டைக்கு .308, .30-06 மாதிரியான ரைபிள் எதுவும் செல்லாது. 2014-ல் நேர்ச்சுவர்த் தோட்டா (கழுத்துப் பக்கம் குறுகாத கூடு) ரைபிள்களை அனுமதித்தார்கள். அதற்கு முன்பு ஷாட்கன், கைத்துப்பாக்கி, வில், குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் மஸில்லோடர் இவ்வளவுதான். நன்றி தெரிவித்தல் நாளுக்கு அடுத்த திங்களன்று தொடங்கும் கன் வாரத்தை ஷாட்கன்னை வைத்தே ஓட்டிவிடலாம். ஆனால் ஜனவரி தொடக்கத்தில் மஸில்லோடருக்கென்றே நான்கு நாள் தனி சீசன் உண்டு. காட்டில் கூட்டம் குறைந்து, இலையெல்லாம் கொட்டி, மான்கள் தீனி தேடிப் பகலிலேயே நடமாடும் நாட்கள். அதை விட மனசில்லாமல்தான் மஸில்லோடர் பக்கம் வந்து, இந்த சாவேஜை வாங்கினேன்.

ஊருக்கு போன் பேசும்போது அப்பாவிடம் சொன்னேன். "ஏன்டா, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியா? போலீஸ் புடிக்காதா?" என்றார். கெட்டிக்கிற முறை அதேதான் என்று ஒப்புக்கொண்டேன். குழலின் வாய்வழியே முதலில் மருந்து, அதன்மேல் குண்டு, ராம்ராடால் அழுத்தி இறக்க வேண்டியது. மற்றபடி இது போல்ட் ஆக்‌ஷன், ஸ்டெயின்லெஸ் குழல், ஸ்கோப் எல்லாம் உள்ள ரைபிள்.

சாதாரண மஸில்லோடரில் கருமருந்தோ, பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்தோ போடுவார்கள். கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாகவே மிஞ்சும். சுட்டவுடன் மானை மறைக்கிற வெள்ளைப் புகை அதுதான். குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, அன்றிரவே துருப்பிடிக்க வைப்பதும் அதுதான். புகையில்லா மருந்தை பிரான்சில் பால் வியெல் 1884-லேயே செய்துவிட்டார். ஆனாலும் அதைப் போட்டுச் சுடலாம் என்று ஒரு பெரிய நிறுவனம் மஸில்லோடர் விற்பனைக்குக் கொண்டுவர 2000-களின் தொடக்கம் வரை ஆனது. வட கரோலினாவைச் சேர்ந்த ஹென்றி பால் வடிவமைத்ததை சாவேஜ் தயாரித்தது. இப்போது உற்பத்தியில் இல்லை. நான் வாங்கியது இரண்டாம் கை: .50 காலிபர், 24 அங்குலக் குழல், 24 அங்குலத்துக்கு ஒரு சுற்று ரைஃப்லிங் (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளம்).

என்னுடையது இரண்டாம் வடிவம்தான் என்றாலும், கடைக்காரர் மற்ற துப்பாக்கிகளுக்குப் போலவே 4473 என்ற கூட்டாட்சி விற்பனைப் படிவத்தை எழுதி வாங்கிக்கொண்டார். பொதுவாக மஸில்லோடர்களை கூட்டாட்சிச் சட்டம் 'பழம்பொருள்' வகையில் சேர்த்து விலக்கு தருகிறது. ஆனால் 10எம்எல்-இன் முதல் வடிவம், சாதாரண ரைபிளின் ரிசீவரில் கட்டப்பட்டதால், முழுத் துப்பாக்கி என்றே ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் துறை) பட்டியலில் இருக்கிறது. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு ஏதும் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். நான் கிரீன் கார்டு வந்த பிறகே வாங்கினேன்.

இனி உண்மையான வேலை. மருந்தை வாங்கிப் போட்டுச் சுடுவதுதானே என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். புகையில்லா மருந்து எரியும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. தோட்டாவில் பித்தளைக் கூட்டின் கழுத்து குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும். அழுத்தம் ஏறுகிற வரை அது விடாது. மஸில்லோடரில் அப்படி எந்தப் பிடியும் கிடையாது. குண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சேபோ குழலோடு எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறதோ அவ்வளவுதான் பிடி. சேபோ தளர்வாக இருந்தால் மருந்து சரியாகப் பற்றுவதற்குள் குண்டு நகர்ந்துவிடும். சாவேஜ் கையேடு விஹ்டாவுரி என்110, ஐஎம்ஆர் எஸ்ஆர்-4759, அக்யூரேட் 5744 என்று விரைவாகப் பற்றும் மருந்துகளை மட்டும் சொன்னதற்கும் இதுதான் காரணம் என்று புரிந்துகொண்டேன்.

ஃபின்லாந்தில் செய்யும் என்110-ஐ எடுத்துக்கொண்டேன். அதோடு 250 கிரெயின் எடையுள்ள ஹார்னடி குண்டு, மருந்தைப் பற்றவைக்க 209 ஷாட்கன் பிரைமர். மருந்தின் எடையை இங்கே எழுதமாட்டேன். யாரோ ஒருவருடைய குழலுக்கு ஒத்துப்போன அளவை வாசித்து அப்படியே போடுவது இந்தப் பொழுதுபோக்கில் ஆக மோசமான பழக்கம். கையேட்டின் குறைந்த அளவில் ஆரம்பித்து, அதன் உச்ச வரம்புக்குள் நின்றுகொள்ள வேண்டும்.

முதலில் ராம்ராடை ஒரு கையால் தள்ளினாலே சரசரவென்று இறங்கும் சேபோவில் சுட்டுப் பார்த்தேன். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் எண் ஒவ்வொரு சூட்டுக்கும் எங்கெங்கோ போனது. இலக்குத் தாளில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறின. அதே மருந்து, அதே எடை, அதே குண்டு. எம்எம்பி நிறுவனத்தின் இறுக்கமான சேபோவுக்கு மாறியதும் வேகம் ஒரு கட்டுக்குள் வந்தது, தாளில் ஓட்டைகள் நெருங்கின. இதை இறக்க இரண்டு கையும் உடம்பின் பாரமும் வேண்டும். ஜனவரிக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்து இன்னும் பிடிவாதம் பிடிக்கும். ஆனாலும் தளர்வானதற்குத் திரும்பமாட்டேன்.

அடுத்த தொல்லை சூடு. கோடையில் ரேஞ்சில் அடுத்தடுத்துச் சுட்டால் குழல் சூடேறி, உள்ளே இறக்கிய சேபோ இளகிவிடுகிறது. உடனே குண்டு தடம் மாறுகிறது. குழலைத் தொட்டால் கைக்குச் சூடு தெரியாத வரை காத்திருந்து சுட்டால் எல்லாம் சரியாக வருகிறது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தாலும் சில சூடுகள்தான் கிடைக்கும். பக்கத்து மேசைக்காரர் பெட்டி பெட்டியாகக் காலி செய்துவிட்டு நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். வேட்டைக்கு இதனால் நட்டமில்லை. காட்டில் சுடப்போவது குளிர்ந்த குழலின் முதல் சூடு மட்டும்தான்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கருமருந்தைக் கொள்ளளவால் அளப்பார்கள். புகையில்லா மருந்தைத் தராசில் 0.1 கிரெயின் வரை எடை பார்த்தே போட வேண்டும். இது குழலில் கொஞ்ச இடத்தையே பிடிக்கும் என்பதால், மறதியில் இரண்டு முறை மருந்து போட்டாலும் வெளியே தெரியாது. சுட்டால் குழல் வெடிக்கும். அதற்காக ராம்ராடில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்: வெறும் குழலுக்கு ஒன்று, சரியாகக் கெட்டித்ததற்கு ஒன்று. இரண்டாவது கோடு குழல் வாயோடு நேராக நிற்காவிட்டால் பிரைமர் போடுவதில்லை. மருந்தையும் வீட்டிலேயே நிறுத்து, மூடியுள்ள சின்னக் குழாய்களில் தனித்தனியாக எடுத்துப்போகிறேன்.

கடையில் கிடைக்கும் வழக்கமான இன்லைன் மஸில்லோடரில் இந்த மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அந்தக் குழலும், அதன் பின்பக்கத்தை மூடும் பிரீச் பிளக்கும் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. புகை குறைவாக வேண்டும் என்றால் அவற்றுக்கென்றே வந்த பிளாக்ஹார்ன் 209 என்ற மாற்று மருந்து இருக்கிறது. மாநில விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலராடோவின் மஸில்லோடர் சீசனில் புகையில்லா மருந்து, சேபோ, ஸ்கோப் மூன்றுமே கூடாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் சீசனில் சிக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் ஃப்ளின்ட்லாக் மட்டும்தான். என் துப்பாக்கியை ஏமாற்று வேலை என்று அந்த ஃப்ளின்ட்லாக்காரர்கள் சொன்னால் பாதி ஒத்துக்கொள்வேன்.

வேகம் நொடிக்கு 2,300 அடியை ஒட்டி வருகிறது. 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பை வைத்தேன். 200-ல் சில அங்குலம் கீழே இறங்குகிறது. .45 காலிபரில் தனியாகக் குழல் செய்வித்து, சேபோ இல்லாமல் குழலுக்கேற்ப அளவு திருத்திய குண்டுகளை வெகுதூரம் சுடுகிறவர்கள் உண்டு. எனக்கு வேண்டாம். வேயின் தேசிய வனத்தின் மேடுபள்ளங்களில் 200 கெஜம் தெளிவாகத் தெரியும் இடமே அபூர்வம்.

சீசனின் இரண்டாம் நாள் மாலை, ஓடைக்கு அப்பால் சரிவில் பெண் மான்கள் வரிசையாக இறங்கின. பின்னால் வந்த பெரியது பக்கவாட்டில் நின்றது, நூறு கெஜத்துக்குச் சற்று உள்ளே. சுட்டேன். தோளில் நல்ல உதை. ஸ்கோப் கீழே இறங்கியதும் மான் முதுகை வளைத்து வலப்பக்கம் ஓடியதும், எந்த மரத்துக்குப் பின்னால் விழுந்தது என்பதும் அப்படியே தெரிந்தது. போன வருடம் நண்பரின் பைரோடெக்ஸ் துப்பாக்கியில் சுட்டபோது புகை கலைந்த பிறகு ரத்தத் துளிகளைத் தேடி மண்டியிட்டதை நினைத்தால், கொடுத்த காசு இதற்கே செரித்துவிட்டது. வேகமும் தூரமும் இரண்டாம்பட்சம்.

வயிற்றைத் திறந்து சுத்தம் செய்து, டேக் எழுதி, போனிலேயே கேம் செக் (அடித்த மானை மாநிலத்திடம் பதிவு செய்வது) முடித்தேன். மறுநாள் நண்பகல் வரை அவகாசம் உண்டு. இருந்தாலும் சிக்னல் கிடைத்த இடத்திலேயே முடித்துவிடுவது நல்லது. பின்னங்கால் கறி மிளகு வறுவலானது. கொழுப்பே இல்லாத கறி என்பதால் நல்லெண்ணெயைத் தாராளமாக விட வேண்டும்.

அன்றிரவு துப்பாக்கியைத் துடைத்து வைத்ததோடு சரி. வார இறுதியில்தான் பிரீச் பிளக்கைக் கழற்றினேன். அதன் நடுவிலுள்ள வென்ட் லைனரின் நுண்துளை, பிரைமரின் நெருப்பு மருந்துக்குப் போகும் வழி, அதுதான் இதில் தேய்கிற உறுப்பு. ஒவ்வொரு சூட்டிலும் சூடான வாயு அதை அரித்துப் பெரிதாக்கும். அளவுக்குச் சற்றுப் பெரிய ட்ரில் பிட் உள்ளே நுழைந்தால் மாற்றியாக வேண்டும். என்னுடையதில் நுழைந்துவிட்டது. புது லைனருக்குச் சொல்லியிருக்கிறேன். எஸ்ஆர்-4759 உற்பத்தியே நின்றுவிட்டது, என்110 கடையில் இருந்தால் உண்டு இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை. ஆகவே கோடைக்குள் 5744-ஐ அடிமட்ட அளவிலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டும். அது ஒத்துவந்தால் ஸ்கோப்பை மறுபடி முதலிலிருந்து சரிசெய்யும் வேலையும் இருக்கிறது.