ஸ்பானியக் கேள்வி வரிசை: சுங்கை சிப்புட் பயிற்சிக் குறிப்பு

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் வழியில் இடைநிலைப்பள்ளி முடித்தவர்களுக்கு ஸ்பானியக் கேள்வியில் காலை வாருவது மலாய்தான். ‘டி மானா மரியா திங்கால்?’ (மரியா எங்கே வசிக்கிறாள்?) என்று பழகிய நாக்கு ‘தோந்தே மரியா வீவே?’ என்று கேட்டுவிடும். ஸ்பானியத்தில் கேள்விச்சொல் வந்த கையோடு வினை வரவேண்டும். ஆள் அதற்குப் பின்னால்: ‘¿தோந்தே வீவே மரியா?’

சுங்கை சிப்புட்டில் மாலையில் கூடிப் படிக்கும் எங்கள் குழு இதற்கு மணிலா அட்டையை மூன்று நிறத்தில் வெட்டியது. கேள்விச்சொல் 3: தோந்தே (எங்கே), குவாந்தோ (எப்போது), கோமோ (எப்படி). வினை 4: கோமே (சாப்பிடுகிறார்), ஆப்லா (பேசுகிறார்), த்ரபாஹா (வேலை செய்கிறார்), எஸ்தூதியா (படிக்கிறார்). ஆள் 4: மரியா, பெத்ரோ, எல் ப்ரோஃபெசோர் (ஆசிரியர்), ஊஸ்தெத் (நீங்கள்). மொத்தம் 48 கேள்வி வரும். நிறத்துக்கு ஒன்றாக உருவி, வரிசையாக மேசையில் வைத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். வேகம் கூடினால் ஆள் அட்டை நடுவுக்கு ஓடும். அப்போது வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ பாட்டுகளில் ‘¿கே தூ கியேரெஸ்?’ (உனக்கு என்ன வேண்டும்?) என்று, ‘நீ’ என்ற ‘தூ’ வினைக்கு முன்னாலேயே வரும். அங்கே அது இயல்பான பேச்சு. ஆரம்பத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டால் வரிசை நிற்காது.

‘எங்கிருந்து’, ‘யாரோடு’ என்பதில் உருபு நமக்குப் பின்னால் ஒட்டும். ஸ்பானியத்தில் முன்னால் நிற்கும்: தே தோந்தே, கோன் கியேன். ஆமா இல்லையா என்று கேட்க நம் ‘ஆ’ போல ஒட்டு எதுவும் கிடையாது, குரல் ஏறினால் போதும். எழுத்தில் முன்னாலேயே தலைகீழ்க் கேள்விக்குறி வேண்டும். ஸ்பானிய அகாடமி 1754-இல் வகுத்த விதி அது.

பிரதிப்பெயரில் தமிழருக்குப் பாதி வேலை மிச்சம். ‘வர்றேன்’ என்றாலே ‘நான்’ தெரிந்துவிடுகிறதே, அதேபோல ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்). மலாயில் வினை மாறாததால் ‘சாயா’ (நான்) போட்டாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஸ்பானிய ‘நான்’ ஆன ‘யோ’ போட்டால் ‘நானாக்கும்’ என்று அழுத்துவது போல் இருக்கும்.

ஊஸ்தெத்தில்தான் கவனம் வேண்டும். மரியாதைக்குரிய ‘நீங்கள்’, ஆனால் வினை மரியாவுக்கும் பெத்ரோவுக்கும் வருகிற அதே வினை. அதனால்தான் அதுவும் ஆள் அட்டைகளில் ஒன்று. ‘ஊஸ்தெத் ஆப்லாஸ்’ தவறு. வெறுமனே ‘¿தோந்தே வீவே?’ என்றால் உங்களைக் கேட்கிறோமா, அவளையா, அவனையா தெரியாது. அங்கே மட்டும் ஊஸ்தெத்தை விட்டுவிடக் கூடாது. நாம், நாங்கள் இரண்டுக்கும் நோசோத்ரோஸ்தான்.

பிடிக்குமா என்று கேட்பது நமக்குச் சொந்த வீடு மாதிரி. ‘¿தே குஸ்தா எல் தே?’: உனக்குப் பிடிக்குமா தேத்தண்ணி? ஒன்று மட்டும் மாறும். பொருள் பலவானால் வினையும் பன்மை: ‘¿தே குஸ்தான் லோஸ் ரம்புதானெஸ்?’

‘அதை’ என்ற பொருள் தரும் லோ, லாவுக்கு இனிமேல்தான் அட்டை வெட்ட வேண்டும். அது வினைக்கு முன்னால் வரும்: ‘¿லோ கியேரெஸ்?’ (அது வேண்டுமா உனக்கு?) ‘பார்க்க’ போன்ற எச்சம் கூட வந்தால் ‘லோ கியேரோ வேர்’, ‘கியேரோ வேர்லோ’ (அதைப் பார்க்க வேண்டும்) இரண்டும் சரி. நடுவில் ‘கியேரோ லோ வேர்’ மட்டும் கிடையாது.