சாயங்காலம் வரை நிற்க வேண்டும்

பார்லரில் வேலை படிக்க வருகிற பெண்களில் சடை பின்னத் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. இட்லி வேகிற நேரத்துக்குள் மகளுக்கு இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் மடித்துக் கட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுப் பழகிய கைகள். அதுதான் முதல் தொல்லை. வீட்டுச் சடையில் பாதி வேலையைத் தேங்காய் எண்ணெய் பார்த்துவிடும். முடி படிந்து, பறக்காமல், சொன்னதைக் கேட்கும். பார்லர் நாற்காலியில் உட்காருகிறவர் ஷாம்பு போட்டு அலசிய முடியோடு வருவார். அதைக் கையில் பிடித்தாலே வழுக்கிக்கொண்டு ஓடும்.

நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டுத்தான் நான் மணப்பெண் அலங்காரம் படிக்கப் போனேன். பார்லர் நடத்தும் அக்கா ஆரம்பத்தில் என்னைப் பின்னவே விடவில்லை. மேசையில் திருகி வைத்த டம்மித் தலையில் வகிடு எடு, பிரி, கிளிப் போடு, அவிழ். மறுபடியும் அதேதான். வால்சீப்பின் கூர்முனை மண்டையை விட்டு எழும்பாமல், நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே கோடாக இறங்க வேண்டும். இடையில் சீப்பை எடுத்தால் கோடு அந்த இடத்தில் கோணும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பிரித்தது சமமாக இல்லாவிட்டால் எந்தப் பின்னலும் ஒரு பக்கம் தடித்து, கழுத்துக்கு வரும்போது திரும்பிக்கொள்ளும். அதைப் பிறகு எந்த ஹேர்பின் குத்தியும் நேராக்க முடியாது.

பின்னல் வகைகள் சீக்கிரம் வந்துவிடும். மூன்று கால் பின்னலில் ஓரத்துக் காலை நடுக்காலின் மேலே கொண்டுவருகிறோம். அப்படிக் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்து கொஞ்சம் முடி சேர்த்துக்கொண்டே போனால் பிரெஞ்ச் பின்னல். மேலே போவதற்குப் பதிலாக அடியில் கொடுத்தால் டச்சுப் பின்னல், சடை தலையின் மேல் எழும்பித் தெரியும். மீன்வாலுக்கு இரண்டே கால்தான், ஓரத்திலிருந்து மெல்லிய இழை எடுத்து எதிர்ப்பக்கம் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் யாரும் போனில் பார்த்தே படித்துவிடலாம். இழுப்பு எவ்வளவு என்பதைப் போன் சொல்லித் தராது.

டம்மிக்கு வலிக்காது. அதில் பழகிய கை நிஜத் தலைக்கு வரும்போது இழுத்து இறுக்கிவிடும். "பைய மக்ளே, அது கயிறு இல்ல, தலையாக்கும்" என்று அக்கா பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லித் தந்த வழி இதுதான்: முடியை இழுக்காதே, கையைத் தலையோடு ஒட்டி வை. கை விலகி நின்றால் வேர்ப் பக்கம் தளரும். தளர்வதை மறைக்கத்தான் நாம் இழுக்கிறோம். கை எங்கே போகிறதோ சடை அங்கே உட்காரும். மேல்நோக்கித் தூக்கிப் பின்னினால் கழுத்தோடு படியாமல் தள்ளி நிற்கும்.

பிடரிதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வேலைக்கு வசதி என்று தலையைக் குனிய வைத்துக் கொண்டை போட்டால், அவர் நிமிர்ந்ததும் பிடரி முடி தொளதொளவென்று தொங்கும். சரி, நிமிர்த்தி வைத்தே இறுக்கிப் போடலாம் என்றால், தாலி கட்டும்போது பெண் குனிவாளே, அப்போது சுள்ளென்று இழுக்கும். அதனால் கொஞ்சம் நிமிர்த்தி, கொஞ்சம் குனியச் சொல்லி, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துகிறோம். முடித்ததும் "ஒரு தடவை குனிந்து நிமிருங்க" என்று கேட்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கல்யாணத் தலைக்கு அழகு இரண்டாவதுதான், முதலில் அது நிற்க வேண்டும். விடிகாலை மூன்று மணிக்குப் போடுவது சாயங்கால வரவேற்பு வரை தாங்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இது லேசான காரியம் இல்லை. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, மீதி நாளுக்குக் கடல்காற்று. சூட்டில் சுருட்டிய முடி, அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் பலத்தில்தான் அந்த வடிவத்தில் நிற்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பிணைப்புகள் விடும். நாகர்கோவிலில் அரைநாள் நின்ற சுருள் குளச்சலிலோ முட்டத்திலோ சர்ச் வாசலில் இறங்கும்போதே பாதி நீண்டுவிடும். அதனால் சுருட்டியதும் உதறக் கூடாது. சூடு ஆறும் வரை சுருளைப் பின் குத்தி வைக்க வேண்டும். அப்படியும் கடற்கரைக் கல்யாணங்களுக்கு விரித்துவிட்ட சுருள் வேண்டாம், கொண்டையே போடலாம் என்றுதான் நான் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு.

சர்ச் கல்யாணத்தில் கிரீடமும், நெட் என்கிற மெல்லிய முக்காடும் வெறும் முடியில் பிடிக்காது. உச்சியில் ஒரு சின்னப் பின்னலைப் போட்டுச் சுருட்டி, கிரீடத்தின் பற்களை அதில் மாட்டுவோம். ஸ்லைடு பின் குத்துவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதன் நெளிந்த கால் தலையை ஒட்டிப் போக வேண்டும். நெளிவு பார்க்க அழகாக இருப்பதால் பலர் அதை வெளியே வைத்துக் குத்துகிறார்கள், பிறகு பின் நிற்கவில்லை என்பார்கள்.

இந்து கல்யாணத்தில் சிக்கல் வேறு. பெண்ணின் அம்மா முந்தின நாள் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, காலையில் குளிக்க வைத்து, ஈரத்தோடு கொண்டுவந்து உட்கார வைப்பார். அதைச் சொல்லி மாற்ற முடியாது, மாற்றச் சொல்வதும் நம் வேலை இல்லை. டிரையர் போட்டு வேரை மட்டும் நன்றாகக் காயவைத்துவிட்டு, சவுரி சேர்த்துப் பின்னத் தொடங்க வேண்டியதுதான். பிச்சியும் மல்லியும் தோவாளையிலிருந்து வரும். முகூர்த்த நாள், ஓணம் என்றால் அங்கே விலை ஏறிவிடும், முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பூச்சடைக்கு மொட்டு கிடைக்காது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள் இவை. மேற்கே, கேரளப் பக்கம் போகப்போக, சடை வேண்டாம், கொண்டையைச் சுற்றிப் பிறைமாதிரி பூ வைத்தால் போதும் என்று கேட்கும் பெண்களும் உண்டு. எனக்கு அந்த வேலை பிடிக்கும். பாரம் குறைவு, முடிக்கும் நல்லது.

பரதநாட்டியத் தலைகள் வரும்போது வடசேரி நகைகளைக் கையில் தொடும் வாய்ப்பு. நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு வாங்கியவை அவை. சூரியப்பிறை வலது பக்கம், சந்திரப்பிறை இடது பக்கம். சடையில் வரும் நகையை நூலால் இடையிடையே பின்னலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுழற்சியிலேயே அது ஒரு பக்கம், சடை ஒரு பக்கம்.

அப்புறம், பேன். ஆண்டுவிழாவுக்கு வருகிற பிள்ளைகளில் சிலருக்கு இருக்கும். சீப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகள் காதில் விழாமல் அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டும். பின்னும் கை நிற்கவும் கூடாது, முகம் மாறவும் கூடாது. இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை, ஆனால் வாடிக்கையாளர் திரும்பி வருவதும் வராததும் இதில்தான். சீப்பில் நாலு முடி வந்தால் பதறுகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது இயல்புதான்.

நெற்றியோர முடி போவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். தினமும் இறுக்கிப் பின்னினால் அந்த இழுப்பிலேயே நெற்றியோரம் மெல்ல வழுக்கையாகும். மருத்துவர்கள் டிராக்‌ஷன் அலோபீசியா என்பார்கள். ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும், வருஷக்கணக்கில் போனால் முளைக்காமலும் போகலாம். ஆனால் "இன்னும் கொஞ்சம் டைட்டா போடு பிள்ளே, சாயங்காலம் வரை நிக்கணும்" என்று நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சொல்லும் அம்மாக்களிடம் எப்படிச் சொல்வது? நான் சரி என்று தலையாட்டிவிட்டு, என் இழுப்பிலேயே பின்னுகிறேன். நிற்க வேண்டியது நிற்கிறது.

கல்யாணத்துக்கு மறுநாள் தலை அவிழ்க்க வருகிறவர்களிடம், புதிதாக வேலை படிக்க வந்த பெண்களை விட்டுப் பழக்குகிறேன். முதலில் பின்கள், அப்புறம் ஸ்பிரே பட்டு விறைத்த இடத்தில் எண்ணெய், அப்புறம் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பு. பின் எங்கெங்கே குத்தியிருக்கிறது, எது எதைத் தாங்குகிறது என்று பின்னும்போது தெரிவதைவிட அவிழ்க்கும்போதுதான் நன்றாகத் தெரியும். மண்டபத்தில் கழற்றிய பின்களையும் கொண்டுவரச் சொல்வோம். பாதிதான் திரும்பி வரும்.