நீல மாத்திரையும் சாக்பீஸ் டப்பாவும்

ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியை என்று இருவர் பயிற்சிக்குப் போய், வந்து பிள்ளைகளுக்கு நலப் பாடம் எடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஆசிரியை நான். ஆசிரியர் காகிதத்தில் மட்டும் இருந்தார். வளரிளம் பருவம், மனநலம், ஊட்டச்சத்து, போதைப்பொருள், இணையப் பாதுகாப்பு என்று 11 தலைப்புகள். பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடி வாங்கியதெல்லாம் வகுப்புக்குள் வந்த பிறகுதான்.

முதல் அடி, வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில். ரத்தசோகை பற்றி முதல் பாடவேளை முழுக்கப் பேசிவிட்டு, அதே வேகத்தில் எல்லோரையும் மாத்திரையை விழுங்க வைத்தேன். அரசின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு டம்ளர் டீயோடு பஸ் ஏறுகிறவர்கள். பத்தரை மணிக்குள் நான்கு பேர் வாந்தி. ஒரு பெண் வராண்டாவிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினால், நர்ஸம்மா அவளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டு, “சாப்பிட்ட பிறகு குடுக்கணும் டீச்சர்” என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

மறுநாள் ஒரு அம்மா வாசலில் நின்று அழுகிறார். “எம் பையனுக்குக் கருப்பா போகுது, என்னத்தைக் குடுத்தீங்க?” இந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியும். மலம் என்று சொன்னால் வகுப்பு சிரிக்குமே என்று சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாத்திரை. டீ, காபி உடனே குடிக்காதே, கருப்பாகப் போகும், வீட்டில் சொல்லி வை என்று சத்தமாகவே சொல்கிறேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது எட்டாம் வகுப்பு அறிவியலில் வரும் ‘வளரிளம் பருவமடைதல்’. “வீட்டில படிச்சுக்கோங்க” என்று பல வருடம் நானே தாண்டிப்போன பாடம்தான். நடத்தப்போகிறேன் என்றதும் ஹெச்.எம். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார். அனுப்பவில்லை. கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்களே என்று ஒரு சாக்பீஸ் டப்பாவில் ஓட்டை போட்டு ஜன்னலோரம் வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் இரண்டே சீட்டு. ஒன்றில் என் நடையைக் கிண்டல் செய்து ஒரு படம். நன்றாகவே வரைந்திருந்தான். இன்னொன்று வெற்றுத்தாள்.

டப்பாவை நோக்கி யார் நடந்தாலும் வகுப்பே பார்க்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரே அளவில் தாள் கொடுத்து, கேள்வி இல்லாதவர்கள் நேற்று ராத்திரி என்ன குழம்பு என்று எழுதுங்கள் என்றேன். எல்லோரும் எழுதினார்கள், எல்லோரும் போட்டார்கள். சாம்பார், சாம்பார், கருவாட்டுக் குழம்பு. நடுநடுவே: “உடைஞ்ச குரல் திரும்பச் சரியாகுமா?” “அக்காவுக்கு அந்த நாள்ல மட்டும் ஏன் தனித் தட்டு?” தட்டுக் கேள்விக்கு என்னிடமும் சட்டென்று பதில் இல்லை. என் மாமியார் வீட்டிலும் அதே கதைதான்.

மூன்றாவது வாரம் வந்த ஒரு சீட்டுதான் தூக்கத்தைக் கெடுத்தது. பெயர் இல்லை. வீட்டுக்கு வரும் ஒரு உறவினரைப் பற்றி இரண்டு வரி. முதல் நாள் நான் வீரமாக வாக்குக் கொடுத்திருந்தேன், “இதில் எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் எனக்கே தண்டனை உண்டு. பயிற்சியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். புதிதாக இதை எடுப்பவர்கள் தயவுசெய்து அந்த வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள். “யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் வகுப்பில் என் வாக்கைத் திருத்திச் சொன்னேன். கரும்பலகையில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எழுதினேன், அழைப்புக்குக் காசு கிடையாது என்றேன். தினமும் மாலை மணி அடித்த பிறகு ஆய்வகத்தில் தனியாகத்தான் இருப்பேன் என்றும் சொன்னேன். நான்கு நாள் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பிள்ளை வந்தது. ஹெச்.எம். “பள்ளி பேர்...” என்று இழுத்தார். அவர் எதிரிலேயே 1098-ஐ அழைத்தேன். அதற்கு மேல் எழுதுவது அந்தப் பிள்ளைக்கு நல்லதில்லை.

டப்பா இன்னும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு வருகிறதாம், இந்த நல வகுப்பு நடக்கும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கணக்கு சார் கேட்டார். திங்கட்கிழமை என்னுடைய அறிவியல் பாடவேளையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.