120 மீட்டர் ஜல்லிப் பாதை: இரண்டு முறை போட்ட கதை

சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை 120 மீட்டர். அகலம் 3 மீட்டர். சிமென்ட் போட மனசும் இல்லை, கையில் அவ்வளவு பணமும் இல்லை. ஜல்லி கொட்டி நிரவிவிட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் இறங்கினேன். முதல் தடவை போட்டது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது தடவை போட்டதில்தான் இப்போது வண்டி ஓடுகிறது.

முதல் தவறு கல்லைக் கண்ணால் தேர்ந்தெடுத்தது. வழவழவென்று, வெள்ளையும் பழுப்பும் கலந்த கூழாங்கல். குவியலாகக் கிடந்தபோது அத்தனை அழகு. அதன் மேல் ஏறி நின்றபோது கால் சறுக்கியது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் உருண்டுகொண்டேதான் இருக்கும். கார் சக்கரம் போன இடமெல்லாம் இரண்டு வாய்க்கால், நடுவில் ஒரு மேடு. மழை வந்ததும் அந்த வாய்க்கால்களில் தண்ணீர் நின்று அடிமண் சேறாகி, கல் உள்ளே போய்விட்டது. காசு கொடுத்து வாங்கிய கல்லைத் தோண்டித் தேட வேண்டிய நிலை.

அப்புறம்தான் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் விசாரித்தேன். 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்த ஜான் மெக்காடம் சொன்ன விஷயம் எனக்கு அப்படியே பொருந்தியது. பாரத்தைத் தாங்குவது கல் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் மண். அது நனையாமல் இருக்கும்வரை எந்த எடையையும் தாங்கும். கல்லின் வேலை அந்த மண்ணுக்குக் கூரையாக இருப்பது. அவர் கேட்டதும் உடைத்த, முனையுள்ள சிறு கற்களைத்தான். ஜல்லியையும் கல்தூளையும் தண்ணீரோடு கலந்து போட்டு இறுக்கும் அடுக்கை இன்றைக்கும் சாலைக்காரர்கள் வெட்மிக்ஸ் மெக்காடம் என்று சொல்லும்போது அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது முறை கல்லுக்கு முன்னால் தண்ணீரைப் பார்த்தேன். நல்ல மழையில் குடையோடு போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். இந்த மொத்த வேலையிலும் உருப்படியான அரை மணி நேரம் அதுதான். ஒரு பக்கத்து நிலம் கொஞ்சம் மேடு. அந்தத் தண்ணீர் முழுக்கப் பாதையைக் குறுக்கே கடந்துதான் போகிறது. அங்கே பாதைக்கு அடியில் ஒரு குழாய் பதித்தோம். இரண்டு ஓரமும் ஆழம் குறைந்த வாய்க்கால் வெட்டினோம்.

அப்புறம் மேல்மண்ணை 20 செ.மீ. வழித்து எடுத்தோம். வேரும் இலைமக்கும் கலந்த மண் அழுத்தினால் அமுங்கும், மழையில் பஞ்சு மாதிரி ஊறும். அதன் மேல் எதைப் போட்டாலும் வீண். எங்கள் அடிமண் களிமண் என்பதால் வெறும் மண் மேல் கல் போடாமல், ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தோம். இது களையைத் தடுக்கும் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலான களை மேலிருந்து விழும் விதையில்தான் முளைக்கிறது, எனக்கும் முளைத்தது. துணியின் உண்மையான வேலை கல்லையும் களிமண்ணையும் கலக்க விடாமல் பிரித்து வைப்பது. அதைச் சரியாகச் செய்கிறது.

கணக்கில் நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அடி அடுக்கு 15 செ.மீ. 120 × 3 × 0.15 என்றால் 54 கன மீட்டர், அதாவது சுமார் 1,900 கன அடி, 19 யூனிட். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் டிப்பரில் வருவது தளர்வான கல், ரோலர் போனதும் அமுங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். கடைசி 20 மீட்டருக்குக் கல் இல்லாமல் ரோலரை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன்.

அடியில் 40 முதல் 60 மி.மீ. உடைத்த கருங்கல். அதற்கு மேல் 20 மி.மீ. அளவிலிருந்து கல்தூள் வரை எல்லாம் கலந்த கலவை, 10 செ.மீ. கனம். தூள் இல்லாத சுத்தமான ஜல்லிதான் தரமானது என்று நினைத்திருந்தேன். கான்கிரீட்டுக்கு அது சரி. பாதைக்கு அந்தத் தூள்தான் இடைவெளியை அடைத்து, ஈரத்தோடு இறுகி, கல்லை நகர விடாமல் பிடிக்கிறது. கழுவிய ஜல்லி இறுகாது.

லோடு வந்த அன்று டிப்பர் டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "சார், துணி மேல வண்டிய ஏத்தினா கிழிஞ்சுடும். நான் ரிவர்ஸ்லயே வரேன். போட்ட கல்லு மேலயே நின்னு அடுத்த லோடக் கொட்டறேன், நீங்க ஜேசிபி வெச்சு முன்னால தள்ளிக்கிட்டே போங்க" என்றார். அதைத்தான் செய்தோம். அவர் இன்னொன்றும் சொன்னார்: தொட்டியைத் தூக்குமுன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் நிற்க வேண்டும். எங்கள் வாசலருகே இருந்தது. அந்த இடத்தில் மட்டும் கொட்டாமல் தள்ளி நிரப்பினோம்.

15 செ.மீ.யையும் ஒரே மூச்சில் நிரப்பி ரோலர் விட்டால் மேல்பாதி மட்டும்தான் இறுகும். இரண்டு தடவையாகப் பிரித்தோம். தூள் கலந்த அடுக்குக்குத் தண்ணீர் தெளித்தோம். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வடியக் கூடாது. நடுப்பகுதி ஓரத்தைவிட 5 செ.மீ. உயரம், மழை இரண்டு பக்கமும் வழிந்துவிடும். கயிறு கட்டிப் பார்க்காமல் கண்ணளவில் இதைச் செய்ய முடியாது. முயன்று பார்த்து, திரும்பவும் நிரவினேன்.

மேலே அழகுக்கு 12 மி.மீ. ஜல்லி, 3 செ.மீ.க்கு மேல் இல்லை. கனமாகப் போட்டால் சக்கரம் புதையும், சைக்கிள் ஓட்டவே முடியாது. இன்னும் பொடியாகப் போட்டால் செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வந்துவிடும். வெறும் தூள் கலவையோடே நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வண்டி வரும்போது கேட்கும் அந்த நறநற சத்தம் வேண்டுமென்று வீட்டில் ஒரே பிடிவாதம்.

ஒரு மழைக்காலம் போய்விட்டது. கேட் அருகே, வண்டி பிரேக் பிடிக்கும் இடத்தில் மட்டும் இரண்டு குழி. குழியில் கல்லை அள்ளிப் போட்டால் ஒரு வாரத்தில் வெளியே தெறித்துவிடுகிறது. சுற்றியிருப்பதைக் குழியின் ஆழத்துக்குக் கொத்திவிட்டு, தூள் கலவை சேர்த்து, நனைத்து இடித்தால் நிற்கிறது. மாதம் ஒருமுறை ஓரத்துக்கு ஒதுங்கிய கல்லை நடுவுக்கு இழுத்துவிடுகிறேன்.

தோண்டி எடுத்த அந்தக் கூழாங்கல்லைக் கழுவி, குறுக்குக் குழாய் முடியும் இடத்தில் கொட்டியிருக்கிறேன். தண்ணீர் வேகமாக வந்து விழுந்தாலும் அங்கே மண் அரிப்பதில்லை.